'டி' என்றால் 'என்கிற': கியூபெக் சம்பந்தி வீட்டு வம்சத்தைத் தேடும் முறை

பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பமானாலும், வட ஆற்காட்டுப் பக்கம் ஊரில் இருக்கும் ஒரு துண்டு நிலத்தின் பழைய பத்திரம் இரும்புப் பெட்டியில் கிடக்கும். எடுத்துப் பார்த்தால் 'முனுசாமி என்கிற சாமிக்கண்ணு குமாரர் கோவிந்தன்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். எழுதுவதற்கு ஒரு பெயர், கூப்பிடுவதற்கு ஒரு பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று சார்பதிவாளருக்குச் சொல்லும் வேலை அந்த 'என்கிற'வுக்கு. கன்னடப் பத்திரத்தில் அதையே 'உரூஃப்' என்பார்கள்.

கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் பழைய தேவாலயப் பதிவேட்டிலும் அப்படி ஒரு சொல் உண்டு. எழுத்தில் டி, ஐ, டி என்று மூன்று எழுத்து; கடைசி எழுத்து ஒலிக்காது, 'டி' என்று மட்டும் கேட்கும். பெண்ணுக்கு எழுதும்போது 'டித்'. பொருள் அச்சு அசலாக 'என்கிற' தான். ரிவார் டி லோரான்ஜே என்றால் ரிவார் என்கிற லோரான்ஜே. இந்த ஒரு சொல் புரியாமல்தான் பாதிப் பேர் நாலாவது தலைமுறையிலேயே முட்டி நின்றுவிடுகிறார்கள்.

வைட்ஃபீல்டு, இந்திரா நகர் பக்கம் மான்ட்ரியாலில் மாப்பிள்ளையோ மருமகளோ எடுத்த வீடுகள் இப்போது நிறைய. பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்க வம்சத்தையும் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தால், நம் பக்கம் கொள்ளுத்தாத்தாவோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் 1650 வரைக்கும் போகும். மிகைப்படுத்தவில்லை. ஐரோப்பியர் குடியேறிய நாடுகளில் இவ்வளவு முழுமையாகப் பதிவேடு தங்கிய மக்கள் கூட்டம் மிகக் குறைவு. பிரான்ஸிலிருந்து வந்து நிலைத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1666-இல் அரசன் அனுப்பிய நிர்வாகி ஜான் தாலோன் எடுத்த குடிமதிப்பில் கணக்கில் வந்தவர்கள் 3,215 பேர். ஏறக்குறைய எல்லோரும் கத்தோலிக்கர். பிறந்தால், மணந்தால், இறந்தால் பங்குத்தந்தை எழுதியாக வேண்டும். அந்தப் புத்தகமே அரசாங்கப் பதிவும் கூட. தனியான அரசுப் பதிவாளர் அலுவலகம் முழுப் பொறுப்பை எடுத்துக்கொண்டது 1994-இல்தான்.

முதலில் பண்ண வேண்டியது இணையத்தில் தேடுவது அல்ல, சம்பந்தியோடு பேசுவது. கோடையில் அவர்கள் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. நம் சாயங்காலம் ஏழரைக்குக் கூப்பிட்டால் அவர்கள் காலைக் காப்பியோடு இருப்பார்கள். கேட்க வேண்டியது மூன்றே: தாத்தா பாட்டி இருவரின் முழுப் பெயர் (பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கட்டாயம்), அவர்கள் கல்யாணம் ஆன வருஷம், கல்யாணம் நடந்த பங்கு (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி). பிறந்த தேதியை விடக் கல்யாணத் தேதி முக்கியம். சமீபத்திய பதிவுகளின் நகலைப் பதிவில் பெயர் உள்ளவரோ, தகுந்த காரணம் காட்டுபவரோதான் கேட்டு வாங்க முடியும். அதனால் அந்த ஒன்றிரண்டு தலைமுறையைக் குடும்பத்துக் காகிதங்களிலிருந்தே எடுத்துவிட வேண்டும்.

ஏன் கல்யாணம்? ஞானஸ்நானப் பதிவு ஒரு குழந்தையை ஒரு தம்பதியோடு இணைக்கும். கல்யாணப் பதிவோ மூன்று தம்பதிகளை ஒரே பக்கத்தில் இணைக்கும்: மணமக்கள், மணமகனின் பெற்றோர், மணமகளின் பெற்றோர். பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயரும், அவளுடைய அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும். கியூபெக் பதிவேடுகளில் பெண் சாகும்வரை அப்பா வீட்டுப் பெயரோடுதான் எழுதப்படுகிறாள். ஊர் வழக்கில் 'இன்னார் மனைவி' என்று சொல்லியிருக்கலாம், பதிவேடு சொல்லாது. 1981 ஏப்ரலிலிருந்து சட்டமே அப்படித்தான். கல்யாணமானாலும் பெண்ணின் பெயர் மாறாது. பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நம் வீடுகளில் நடக்கும் வழக்கு அங்கே இல்லை.

ஆக ஒரு கல்யாணம், அதிலிருந்து இரண்டு கல்யாணம், அதிலிருந்து நான்கு. இப்படியே ஏணி ஏறுவதுதான் முறை. எண் போடுவதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. பேரப்பிள்ளை 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் அப்பா, இரட்டித்து ஒன்று கூட்டினால் அவர் அம்மா. 13 யார் என்றால் 6-இன் அம்மா. 6 யார் என்றால் 3-இன் அப்பா. எந்தத் துண்டுக் காகிதத்தில் எண்ணை எழுதி வைத்தாலும் குழப்பம் வராது. 11 தலைமுறை மேலே போனால் 2,048 இடம். அத்தனையும் வேறு வேறு ஆட்களாக இருக்க மாட்டார்கள். ஒரே தம்பதி ஐந்தாறு இடத்தில் வந்து உட்காருவார்கள். தப்பு பண்ணிவிட்டோம் என்று பதற வேண்டாம், சின்ன ஊரில் அப்படித்தான் வரும்.

கல்யாணப் பதிவு ஒன்றை வரிசையாகப் படிப்போம். பிரெஞ்சு தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. வசந்த நகர் அலியான்ஸ் ஃபிரான்சேஸில் முதல் நிலை முடித்திருந்தால் தாராளம், முடிக்காவிட்டாலும் நாற்பது சொல் போதும். எல்லாப் பதிவும் ஒரே அச்சு. முதலில் தேதி, பெரும்பாலும் எழுத்தால். அடுத்து, ஞாயிறு பூசையில் மூன்று முறை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தும் தடை எதுவும் தெரியவரவில்லை என்ற வாக்கியம். சிவாஜிநகர், கிளீவ்லேண்ட் டவுன் பங்குகளில் கல்யாண ஓலை வாசிக்கக் கேட்டவர்களுக்கு இது அப்படியே புரியும். பிறகு மணமகன், அவன் அப்பா, அம்மா, பங்கு. மணமகள், அவள் அப்பா, அம்மா, பங்கு. பிறகு சாட்சிகள், அவர்கள் என்ன உறவு என்பதோடு. கடைசியில் கையெழுத்து, அல்லது 'கையெழுத்திடத் தெரியாது என்று சொன்னார்கள்' என்ற வரி. ஓரத்தில் 'எம்' என்று ஒற்றை எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் திருமணம், 'பி' ஞானஸ்நானம், 'எஸ்' அடக்கம். பல புத்தகங்களில் வருஷக் கடைசியில் பெயர் அட்டவணை இருக்கும். முதல் பக்கத்திலிருந்து புரட்டாமல் முதலில் அங்கே பாருங்கள், கண்ணுக்கு நல்லது.

கல்யாணம் வழக்கமாகப் பெண் வீட்டுப் பங்கில்தான் நடக்கும். மாப்பிள்ளை ஊரில் தேடிக் கிடைக்காமல் பலர் கைவிடுவது இதனால்தான்.

இந்தப் பதிவில் கால் இடறும் இடங்கள் சில உண்டு. அப்பா பெயருக்கு முன் 'ஃப' என்று ஒரு குட்டிச் சொல் வந்தால் 'காலஞ்சென்ற' என்று பொருள். அவர் சாவு இந்தத் தேதிக்கு முன் என்று உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த தகவல். மணமகள் 'வவ்' என்று எழுதப்பட்டிருந்தால் விதவை. அப்போது பெற்றோர் பெயர் பல சமயம் இருக்காது, செத்துப்போன முதல் கணவன் பெயர்தான் இருக்கும். அவளுடைய முதல் கல்யாணத்தைத் தேடிப் போனால்தான் பெற்றோர் கிடைப்பார்கள். மணமகன் இரண்டாம் தாரம் கட்டினாலும் இதே கதை. சாட்சி வரிசையில் 'போ-பேர்' என்ற சொல்லுக்கு மாமனார் என்றும் பொருள், அம்மாவின் மறு கணவன் என்றும் பொருள். எது என்பதை மற்றப் பெயர்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'மழேர்' என்றால் வயது வந்தவர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அந்த வயது 25. 18 என்று நினைத்துப் பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டால் ஏழு வருஷம் தவறிவிடும்.

மாதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. எண் 7 எழுதி அதன் பின்னால் 'ப்ர' என்று சின்னதாகப் போட்டிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீன் எண்ணில் ஏழைக் குறிக்கும் 'செப்தெம்' இங்கே மறைந்திருக்கிறது. 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், 10 அல்லது குறுக்குக் கோடு மாதிரியான ரோமன் பத்து போட்டால் டிசம்பர். இணைய அட்டவணை தயாரித்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். சரிபார்க்க ஒரு வழி: நமக்கு ஆடியும் மார்கழியும் எப்படியோ அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலமும் அப்படி. கல்யாணம் கிடையாது. மார்ச் நடுவில் ஒரு கல்யாணத் தேதி வந்தால் தேதியைத் தவறாகப் படித்தீர்களா என்று மறுபடி பாருங்கள். நவம்பர், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் திங்கள் அல்லது செவ்வாய் என்றால் சந்தேகமே வேண்டாம், அதுதான் அவர்களுடைய முகூர்த்த நாள்.

இப்போது 'டி' விஷயம். இது எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல வேர் உண்டு. முதலாவது பட்டாளம். 1665-இல் கரிஞான்-சாலியேர் படைப்பிரிவின் வீரர்கள் சுமார் 1,200 பேர் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய 400 பேர் ஊர் திரும்பாமல் நிலம் வாங்கித் தங்கிவிட்டார்கள். பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர். லாஃப்லேர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். ஜொலிகேர் நல்ல நெஞ்சுக்காரன். திரான்ஷ்மோந்தாஞ் மலையை வெட்டுகிறவன். ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு லாஃப்லேர் இருந்தான் என்று வைத்துக்கொள்ளலாம், அதனால் இன்றைய லாஃப்லேர் எல்லோரும் பங்காளிகள் அல்ல. இரண்டாவது ஊர்ப் பெயர். ஆன்ஜூவிலிருந்து வந்தவன் லாஞ்ஜெவேன், பிக்கார்டியிலிருந்து வந்தவன் பிக்கார், சேன்தோஞ்ஜிலிருந்து வந்தவன் சேன்தோஞ்ஜ். நம்மூரில் 'சேலத்துக்காரர் வீடு' என்று சொல்லிச் சொல்லி வீட்டின் பெயரே அதுவாகிவிடுவது போல. கியூபெக் நகரத்தில் 1759-இல் போர் நடந்த ஆபிரகாம் மேட்டுக்குப் பெயர் கொடுத்தவராகச் சொல்லப்படும் ஆபிரகாம் மார்த்தேன் கூட 'ஸ்காட்லாந்துக்காரன் என்கிற' என்றே எழுதப்பட்டிருக்கிறார்.

மூன்றாவது வகைதான் ஆளைக் கொல்வது: ஒரே குடும்பத்துக்குள் கிளை பிரிப்பதற்காக வைத்த பெயர். பிரான்ஸின் பெர்ஷ் மாகாணத்தில் உள்ள துரூவ்ரிலிருந்து ரிவார் சகோதரர்கள் வந்து பாட்டிஸ்கன் பகுதியில் குடியேறினார்கள். நிக்கோலா ரிவாருக்கு லாவீன் என்ற பெயர். தம்பி ரொபேருக்கு லோரான்ஜே. அடுத்த தலைமுறையில் பிள்ளைகள் லானுவெத், லாகூர்சியேர், டுஃப்ரேன், பெல்ஃபய் என்று ஆளுக்கொன்றாகப் பிரிந்தார்கள். இன்றைக்கு ஒரு லாகூர்சியேரும் ஒரு லோரான்ஜேயும் மான்ட்ரியால் மெட்ரோவில் பக்கத்தில் உட்கார்ந்தால் பங்காளிகள் என்று அவர்களுக்கே தெரியாது. சொரெல் பக்கத்து உஸ் குடும்பத்தில் இன்னும் வேடிக்கை. மூதாதையின் பெயர் போல் உஸ். பிள்ளைகளில் சிலர் கூர்நுவாயே, சிலர் மில்லேத், சிலர் லாத்ராவர்ஸ். ஒரு கிளைக்கு மட்டும் அப்பாவின் முதற்பெயரும் குலப்பெயரும் ஒட்டிக்கொண்டு 'போல்-உஸ்' என்பதே குலப்பெயர் ஆகிவிட்டது. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

சிக்கல் என்னவென்றால் ஒரே ஆள் ஞானஸ்நானத்தில் ரிவார், கல்யாணத்தில் ரிவார் டி லோரான்ஜே, சாவில் லோரான்ஜே. அண்ணன் ஒரு பெயரை வைத்துக்கொள்ள, தம்பி இன்னொன்றை எடுத்துக்கொள்வான். பத்தொன்பதாம் நூற்றாண்டு போகப்போக 'டி' உதிர்ந்து இரண்டில் ஒன்று நிலைத்தது. எது நிலைக்கும் என்பதற்கு விதி ஏதும் கிடையாது.

இதற்கு வைத்தியம் பெண்ணின் பெயர். குலப்பெயரை வைத்துத் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். கணவனின் முதற்பெயர், மனைவியின் முழுப்பெயர், பங்கின் பெயர், பத்து வருஷ இடைவெளி: இவ்வளவு மட்டும் கொடுத்துத் தேடுங்கள். ஆணின் பெயர் வழுக்கினாலும் மனைவியின் பெயரும் சேர்ந்து வழுக்குவது அரிது. அப்படி ஒரு தம்பதி அகப்பட்டால் அவர்களுடைய எல்லாக் குழந்தைகளின் ஞானஸ்நானத்தையும் எடுத்து வரிசையாக வையுங்கள். நாலாவது குழந்தையில் ரிவார் என்றும் ஆறாவதில் லோரான்ஜே என்றும் எழுதியிருப்பது கண்ணெதிரே தெரியும். அதுவே உங்கள் சான்று. ஒரு குழந்தையின் பதிவை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

இப்போதைய தலைமுறையில் கோடு போட்டு இரட்டைக் குலப்பெயர் வைத்திருப்பார்கள். அது 'டி' அல்ல. எண்பதுகளுக்குப் பிறகு அப்பா பெயர், அம்மா பெயர் இரண்டையும் சேர்த்து வைத்தது. இதைப் பழைய பட்டப்பெயர் என்று நினைத்துத் தேடினால் எங்கேயும் கிடைக்காது. அதேபோல ஒரே குலப்பெயர் என்றால் ஒரே வம்சம் என்றும் நினைக்க வேண்டாம். திராம்ப்லே எல்லோரும் 1657 அக்டோபர் 2-இல் கியூபெக்கில் மணந்த பியேர் திராம்ப்லே, ஓசான் அஷோன் தம்பதியின் வழி வந்தவர்கள், அது அபூர்வம். ருவா என்ற பெயருக்கோ ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல மூதாதைகள்.

முதற்பெயர் வைக்கும் வழக்கம் தனிக் கதை. நமக்கு பேரன் என்றாலே பெயரன், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். அங்கே பெயர் தருவது பெரும்பாலும் ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். முதல் குழந்தைக்குத் தாத்தாவோ பாட்டியோ ஞானப்பெற்றோராக நிற்பது வழக்கம் என்பதால் சுற்றிவளைத்து நம் வழக்கத்துக்கே வந்து சேரும் சமயமும் உண்டு. ஆகவே ஞானஸ்நானப் பதிவில் ஞானப்பெற்றோர் பெயரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சித்தப்பா, அத்தை, பக்கத்து நிலத்துக்காரர் என்று சொந்தபந்தம் முழுவதும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பின்னாளில், குறிப்பாக 19-ஆம் நூற்றாண்டில், ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால் ஜோசப், பெண் பிள்ளைகளுக்கெல்லாம் முன்னால் மரி. பக்திக்காக வைத்தது, கூப்பிட அல்ல. மூன்று பெயர் இருந்தால் கூப்பிடும் பெயர் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். ஜோசப் என்று தேடினால் பங்கு முழுவதும் வந்து நிற்கும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் ஜோசப் என்று மட்டும் எழுதியிருந்தால் அது நிஜமான கூப்பிடு பெயர். அந்தக் காலத்தில் அதை உதறிவிடக் கூடாது. ஜான்-பாத்தீஸ்த் ஒரே பெயர், இரண்டாகப் பிரிக்கக் கூடாது. அது பாத்தீஸ்த் என்று சுருங்கியும் வரும். எலிசபெத்தும் இசபெல்லும் ஒரே ஆளாக இருக்கலாம், பங்குத்தந்தைகள் மாற்றி மாற்றி எழுதினார்கள். மரி-ஆன் சில இடத்தில் மரி, சில இடத்தில் ஆன்.

குழந்தை செத்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பார்கள். அந்தக் காலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. எனவே 1712-இல் பிறந்த பியேரைக் கண்டதும் அவனை 1738-இல் கல்யாணம் கட்டியவனாக எழுதிவிடாதீர்கள். அவன் 1713-இல் அடக்கமாகி, 1715-இல் இன்னொரு பியேர் பிறந்திருக்கலாம். ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் அடுத்த சில வருஷ அடக்கப் பதிவைப் பார்ப்பது சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாத மரம் நம்பத்தக்கதல்ல. 'ஓந்துவயே' என்று எழுதியிருந்தால் ஆபத்துக்காலத்தில் மருத்துவச்சியோ வேறு யாரோ தண்ணீர் ஊற்றிய குழந்தை. சில சமயம் பெயரே இல்லாமல் அடக்கம் மட்டும் இருக்கும்.

பெயரே இல்லாமல் போனவர்கள் வேறு விதமாகவும் உண்டு. பிரான்ஸ் ஆண்ட வட அமெரிக்கப் பகுதியான புதிய பிரான்ஸில் அடிமைகள் இருந்தார்கள். மார்செல் த்ருதெல் என்ற வரலாற்றாசிரியர் தேடி எடுத்தவர்கள் சுமார் 4,200 பேர். மூன்றில் இரண்டு பங்கு பூர்வகுடிகள். பதிவில் அவர்கள் 'பானி' (பூர்வகுடி அடிமை) என்ற சொல்லோடு, ஒரு கிறிஸ்தவப் பெயர் மட்டும் வைத்து, எஜமான் பெயரை ஒட்டி எழுதப்பட்டிருப்பார்கள். அப்பா அம்மா இருக்காது. அங்கே ஏணி நின்றுவிடும். எஜமானின் குலப்பெயரை வைத்து அவன் வம்சத்தில் கொண்டுபோய் இணைப்பது பெரிய பிழை.

சொந்தத்தில் கல்யாணம் என்றால் நமக்குச் சாதாரணம். திருச்சபைக்கு அந்தக் காலத்தில் நாலாம் படி வரை தடை. விலக்கு வாங்கித்தான் கட்ட முடியும். வாங்கியதைப் பதிவில் எழுதியாக வேண்டும். தேடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. கணக்கு இப்படி: இருவருக்கும் ஒரே தாத்தா என்றால் இரண்டாம் படி. ஒரே கொள்ளுத்தாத்தா என்றால் மூன்றாம் படி. ஒரே எள்ளுத்தாத்தா என்றால் நாலாம் படி. 'மூன்றிலிருந்து நாலு' என்று இருந்தால் ஒருவருக்குக் கொள்ளுத்தாத்தாவாக இருப்பவர் மற்றவருக்கு எள்ளுத்தாத்தா. நீங்கள் போட்ட மரத்தில் அந்தப் பொது மூதாதை அதே இடத்தில் வந்து விழுந்தால் இரண்டு கிளையும் சரி. விழவில்லை என்றால் எங்கோ ஒரு தப்பான பியேர் ஏறியிருக்கிறான். (அத்தை மகன், மாமன் மகள் இரண்டாம் படி, அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது ஒன்றிலிருந்து இரண்டு. நம் குடும்பங்களை இந்தக் கணக்கில் போட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு விலக்கு வேண்டியிருக்கும்.)

எங்கே தேடுவது? குடும்பத் தேடலுக்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் கணக்கு திறந்தால் கியூபெக் கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேட்டுப் படங்கள் 1621-இலிருந்து இலவசம். ட்ருவேன் நிறுவனத்தின் தொகுப்பு சந்தா கட்டிப் பார்ப்பது. ஒவ்வொரு பதிவேடும் இரண்டு பிரதியாக எழுதப்பட்டது, ஒன்று கோவிலுக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு. ஒரு பிரதியில் எலி தின்ற பக்கம் இன்னொன்றில் முழுதாக இருக்கும். நகல் எழுதியவர் ஒரு வரியை விட்டிருப்பார், அது மூலத்தில் இருக்கும். இரண்டையும் பாருங்கள். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்து மக்கள்தொகை வரலாற்றுத் திட்டம் 1966-இலிருந்து இந்தப் பதிவுகளையெல்லாம் ஒருங்கிணைத்து ஆட்களாக்கி வைத்திருக்கிறது. 1800-க்கு முந்தைய காலத்துக்கு அதைவிட நம்பகமானது இல்லை. அங்கே ஒவ்வொரு பக்கத்தைத் திறப்பதற்கும் கட்டணக் கணக்கு குறையும் என்பதால் எண்களைத் தயாராக எழுதி வைத்துக்கொண்டு உட்காருவது நல்லது. 1800 வரையில் மட்டும் சகரி குளுத்தியே என்ற ஒரு தச்சருக்கு 10,850 சந்ததியர் என்று கணக்குப் போட்டுச் சொன்னது அந்தத் திட்டம்தான்.

சிப்ரியேன் தாங்கே என்ற பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி இணையத்தில் எங்கும் கிடைக்கும். தனி ஆளாக ஒரு மனிதர் செய்த மலைப்பான வேலை. பிழைகளும் மலைக்கிற அளவு. வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம், சான்றாக வைக்கக் கூடாது. அதைவிட மோசம், இணைய மரங்களில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. எந்தப் பெயரின் அடியில் பங்கும் தேதியும் இல்லையோ அதை எடுக்காதீர்கள்.

பதிவேடே இல்லாத இடத்தில் நோட்டரி கைகொடுப்பார். கல்யாணத்துக்கு முன் நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதுவது பெருவழக்கம். பெற்றோர் பெயர், பெண் கொண்டுவரும் சீர், சாட்சிக்கு வந்த சொந்தம் எல்லாம் இருக்கும். ஒருவர் இறந்தபின் எழுதும் சொத்துப் பட்டியலில் உயிரோடு இருக்கும் பிள்ளைகள் எல்லோரும் வயதோடு வரிசையாக வருவார்கள். ஆனால் ஒப்பந்தம் எழுதியதனால் மட்டும் கல்யாணம் ஆனதாக எழுதக் கூடாது. 1663 முதல் 1673 வரை அரசன் செலவில் கப்பலேறி வந்த சுமார் 770 பெண்களில் சிலர், ஒருவனோடு எழுதிய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு வேறொருவனைக் கட்டியிருக்கிறார்கள். 'ராஜாவின் மகள்கள்' என்று அவர்களைச் சொல்வதை வைத்து அரச ரத்தம் என்று சம்பந்தி வீட்டில் யாராவது பெருமைப்பட்டால் சிரித்துக்கொள்ளுங்கள். சீர் கொடுத்து அனுப்பியது அரசன் என்பதால் வந்த பெயர் அது.

ஒரு கிளை திடீரென்று காணாமல் போனால் அமெரிக்காவைப் பாருங்கள். 1840 முதல் 1930 வரை சுமார் 9 லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள், பலர் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்கு. அங்கே பெயர் மொழிபெயர்ந்தது: புவாவேர் கிரீன்வுட் ஆனார், லெப்லான் ஒயிட் ஆனார், ருவா கிங் ஆனார். அல்லது காதில் விழுந்தபடி எழுதப்பட்டது: பெனுவா பென்வே ஆனார்.

கடைசியாக மென்பொருளில் ஏற்றும் வேலை. கிராம்ப்ஸ் இலவசம், நமக்குப் போதும். சம்பந்தி பக்கத்தில் குலப்பெயர்ப் பெட்டியில் முதல் மூதாதையின் பெயரை மட்டும் போடுங்கள், ரிவார் என்று. 'டி' பெயரை மாற்றுப் பெயர் பகுதியில், எந்தப் பதிவில் எந்த வருஷம் அப்படி எழுதப்பட்டது என்ற குறிப்போடு சேருங்கள். இரண்டையும் ஒரே பெட்டியில் திணித்தால் அகரவரிசையில் ஒரே குடும்பம் ஐந்து இடத்தில் சிதறும். நம் பக்கத்தில் குலப்பெயர்ப் பெட்டியில் இனிஷியலைப் போடவே கூடாது. போட்டால் மென்பொருள் அதைத் தலைமுறை தலைமுறையாக இறக்கிக்கொண்டே போய், கோவிந்தன் மகன், பேரன் எல்லோருக்கும் 'எம்' போட்டுவிடும். அப்பா பெயரை 'தந்தைவழிப் பெயர்' என்ற வகையில் குறித்து, சாமிக்கண்ணுவை மாற்றுப் பெயரில் எழுதி, பக்கத்தில் அந்தப் பத்திரத்தின் எண்ணைப் போட்டு வையுங்கள்.